மூலையில் இருக்கும் பெயர்

கரியமாணிக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அதிகம் பேருக்குத் தெரியாத ஓவியர்களையும் சினிமாவுக்கு வெளியே பாடுகிறவர்களையும் எப்படித் தேடிப் பிடிக்கிறாய் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் நெட்டப்பாக்கம் கொம்யூனில் நெல் உண்டு, கரும்பு உண்டு; ஓவியக் காட்சிக்கூடம் இல்லை. கச்சேரி கேட்க டவுனுக்குப் போனால் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழுந்திருக்க வேண்டும். இருந்தாலும் எனக்கு ஒரு வழி அமைந்துவிட்டது. எந்தப் படைப்பைப் பார்த்தாலும் கேட்டாலும் அதன் மூலையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு அந்தப் பெயரைத் தேடிப் போவேன்.

இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் பலகை எழுதுகிறவர்கள். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் வில்லியனூர், பாகூர் பக்கமெல்லாம் கடைப் பலகையும் கட்சிச் சுவரும் ரைஸ் மில் வாசலும் கையால் எழுதியவைதான். எழுதியவர் தன் பெயரையும் ஊரையும் வலது கீழ் மூலையில் சின்னதாகப் போடுவார். பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் அந்த மூலைகளைப் படித்துப் படித்து, பெயரைப் பார்க்காமலே ‘இது இவர் கை’ என்று சொல்ல வந்தது. ‘ழ’வின் சுழியை ஒருவர் வளைக்கிற மாதிரி இன்னொருவர் வளைக்க மாட்டார்.

அதே கண்ணோடு வாசிக்கப் போனதால்தான் ஆதிமூலம் கிடைத்தார். கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குக் கோட்டோவியம் போட்டவர் அவர். கி.ரா. 2021இல் மறையும்வரை எங்கள் புதுச்சேரியில், லாஸ்பேட்டையில் வாழ்ந்தவர் என்பதால் அவர் எழுத்து இங்கே பல வீடுகளில் இருக்கும். கதையைப் படித்துவிட்டுப் படத்தைத் தாண்டிப் போய்விடுவோம். நான் படத்தில் நின்றேன். ஆதிமூலம் துறையூர் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், 1969 காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியை மட்டுமே வைத்து ஒரு பெரிய கோட்டோவிய வரிசை செய்தவர், பிற்காலத்தில் உருவங்களை விட்டுவிட்டு வண்ணப் பரப்புகளுக்குள் போனவர் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்த வண்ண ஓவியங்களை நேரடியாக என் முன்னால் வைத்திருந்தால் எனக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது. கோட்டிலிருந்து மெதுவாக நடந்து போனதால் பழகிவிட்டது. நவீன ஓவியம் புரியவில்லை என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த ஓவியர் பத்திரிகைக்கோ புத்தக அட்டைக்கோ எதையாவது வரைந்திருப்பார். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

ஆதிமூலத்தின் கல்லூரியிலிருந்து அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், அவரிடமிருந்து 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம். அந்த ஓவியர்கள் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலத்தில், ஓவியம் வரைவதற்காகவே வேறொன்றை விற்றிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஓர் ஓவியர் டம்ளரிலோ பையிலோ அச்சிட்டு விற்பதை நான் குறைவாக நினைப்பதில்லை. பெரிய சட்டத்தை வாங்க நமக்கு வசதி இல்லை. அந்தப் பையை வாங்கலாம்.

பாட்டிலும் இதே வழிதான். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடை ஏறியது. சினிமா இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். பலர் குழுவின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே போய் ஒவ்வொருவராகப் பாருங்கள். இசைவாணி கானாவைப் பெண் குரலில் கொண்டுவந்தவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். டென்மாவைத் தொடர்ந்து போனால் குரங்கன் என்ற குழு வரும், அங்கே கபேர் வாசுகி இருப்பார். அவருடைய பாட்டுகள் வேறோர் உலகம். கிட்டாரை வைத்துக்கொண்டு பேசுவதுபோலத் தமிழில் பாடுவார். அந்தோணி தாசனைச் சினிமாப் பாட்டில் கேட்டவர்கள், அவர் தர்புகா சிவா, பிரதீப் குமாரோடு சேர்ந்து பாடிய லா பொங்கல் குழுவைக் கேட்டால் அதே குரலின் இன்னொரு வீச்சு தெரியும். காஸ்ட்லெஸ் கலெக்டிவில் சட்டி, கட்ட மோளம் ஆகிய தாளக் கருவிகளை யார் வாசித்தது என்று பார்த்தால் வடசென்னைச் சாவு ஊர்வலங்களின் தாளக்காரர்களிடம் கொண்டுபோய் விடும்.

பெயர் பார்ப்பது ஏதோ பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெல்லாம் ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அந்த வரிகளை எழுதிப் பாடியவர் அறிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அந்தப் பாட்டையும் ‘நீயே ஒளி’யையும் முன்வைத்து வெளியிட்ட அட்டையில் பாடகர்கள் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டுக்கும் வரி எழுதிய அறிவு இல்லை. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பிய பிறகு இணையத்தில் அறிவுக்குத் தனி அட்டை வந்தது. உலகமே கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், சில நூறு பேர் கேட்கிற பாட்டில் மத்தளம் வாசித்தவர் பெயர் எங்கே நிற்கும்? யூடியூபில் பாட்டுக்குக் கீழே இருக்கும் விவரத்தை விரித்துக் கடைசி வரி வரை படியுங்கள். ஒலிக்கலவை செய்தவர், அட்டைப்படம் வரைந்தவர், யாரையும் விடாதீர்கள்.

அட்டைப்படம் என்றதும் மாயா அருள்பிரகாசம் நினைவுக்கு வருகிறார். இன்று எம்.ஐ.ஏ. என்றால் பாட்டுதான். அவர் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் சினிமா படித்தவர், ஸ்டென்சில் வைத்துத் தெளித்து வரைகிற ஓவியராக வெளியே வந்தவர். எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் குழுவின் 2000ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு அட்டை செய்தவர் அவர்தான். 2005இல் தந்தையின் பெயரான ‘அருளர்’ என்பதையே தலைப்பாக வைத்து அவருடைய முதல் தொகுப்பு வந்தது. எலாஸ்டிகாவின் அட்டையில் மூலையைப் படித்த ஒருவருக்கு, ஐந்து வருடம் முன்னதாகவே அவரைத் தெரிந்திருக்கும்.

இனி பஸ் தூரத்தில் இருப்பவர்களைப் பற்றி. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. நுண்கலையும் இசையும் நடனமும் ஒரே வளாகத்தில். மாணவர்கள் காட்சி வைக்கும்போது போய்விடுங்கள். வெளியூரில் பேர் வாங்கிய பிறகு ஒரு கலைஞரைப் பார்ப்பதற்கும், அவர் இன்னும் எதைச் செய்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போது பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மாணவர்கள் நின்று பேசுவார்கள். ‘இதை எப்படிப் போட்டீங்க தம்பி?’ என்று கேட்டால் போதும், மரக்கட்டையைச் செதுக்கியது, மை தடவியது, அச்சு எடுத்தது எல்லாம் சொல்வார்கள். விலை கேட்கத் தயங்க வேண்டாம். அவர்களுக்கு அது மரியாதை. ‘சும்மா எனக்கு ஒண்ணு வரைஞ்சு கொடுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஓர் அச்சோவியம் வாங்கி வந்து எங்கள் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்காமல் போவதில்லை.

அங்கிருந்து முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமம் பக்கம்தான். சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி அந்தக் கைவினைக் கிராமத்தோடு சேர்த்தே அறியப்பட்டவர்; 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. மண்ணை ‘கைவினை’ என்று ஒரு பெட்டியில் போட்டுவிட்டு, கேன்வாஸை ‘கலை’ என்று இன்னொரு பெட்டியில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. திருவண்ணாமலையைச் சேர்ந்த பெனிதா பெர்சியல் சாம்பிராணி, மரப்பட்டைத் தூள், வாசனைப் பொருள்களைப் பிசைந்து சிற்பம் செய்கிறார். 2014 கொச்சி பினாலேயில் அவை வைக்கப்பட்டபோது வாசனையாலும் பேசின. எங்கள் ஊர் அய்யனார் குதிரை செய்கிறவருக்கு இதைச் சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி, எதில் ஒட்ட வைக்கிறார்கள், வெடிக்காதா என்பதாகத்தான் இருக்கும். விமர்சகர்கள் கேட்பதைவிட நல்ல கேள்வி அது.

கொச்சிக்குப் போக முடிந்தால் முதன்மைக் காட்சியைவிட மாணவர் பினாலேவுக்கு அதிக நேரம் வையுங்கள். போக முடியாவிட்டாலும் குறையில்லை. புகைப்படக் கலைஞர்களைக் கைப்பேசியிலேயே நன்றாகப் பார்க்கலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி இணையதளம் தமிழிலும் இருக்கிறது. அதில் பழனி குமாரின் பெயர் இருக்கும் பக்கங்களைத் தேடுங்கள். மதுரைக்காரர், மீன் விற்ற தாயின் மகன், மலக்குழிச் சாவுகளைப் பற்றிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். தாயைப் பற்றி அவர் செய்த படங்களை அவசரமில்லாத ஒரு நாளில் பாருங்கள். அங்கிருந்து வாடிப்பட்டியில் தன் குடும்பத்தையே படமெடுக்கும் ஜெய்சிங் நாகேஸ்வரனிடம் போகலாம்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனிடமிருந்து கற்றதை நான் வீட்டிலேயே செய்து பார்த்தேன். அவருடைய ‘முற்றுப்பெறாத தோம்பு’ 2011இல் நூலாக வந்தது. போரில் வீட்டை இழந்த 80 பேர் தங்கள் வீட்டை நினைவிலிருந்து தரைப்படமாக வரைந்தார்கள். அவற்றோடு கட்டடக்கலைப் படமும் ஓவியரின் படமும் சேர்ந்து அந்த நூல். அதன் பக்கங்களைப் பார்த்த பிறகு எங்கள் ஆயாவிடம் போனேன்.

“ஆயா, இடிச்ச அந்தப் பழைய வூடு எப்படி இருந்துச்சுன்னு கோடு போட்டுக் காட்டேன்.”

“எனக்குக் கோலந்தான் தெரியும் கண்ணு, படம் போடத் தெரியாது.”

“கோலம் மாதிரியே போடு ஆயா.”

திண்ணையில் ஆரம்பித்தார். நடை, முற்றம், குதிர் இருந்த அறை. பிறகு பின்பக்கத் தோட்டத்துக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கிணறு, துவைக்கிற கல், முருங்கை, ஆடு கட்டிய முளை. தாளில் பாதிக்குமேல் தோட்டமே இருந்தது. வீட்டில் அவருக்கென்று இருந்த இடம் அதுதான். எங்களுக்கோ போர் இல்லை, துரத்தியடிக்கப்படவும் இல்லை. அப்படியிருந்தே ஒரு கோட்டில் இவ்வளவு வந்ததென்றால், அந்த 80 தாள்களில் என்ன இருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஒரு படைப்பு பிடிபடவில்லை என்றால் அது செய்யச் சொல்வதை நாமும் செய்து பார்ப்பது நல்ல வழி.

கேட்பதைப் பற்றிச் சில நடைமுறை விஷயங்கள். தானாக அடுத்த பாட்டுக்குத் தாவும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு தொகுப்பை முழுதாக, வரிசை மாற்றாமல் கேளுங்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் ஆயிரம் தடவைகூட ஒலிக்காத பாட்டுக்குப் பணம் இல்லை. சின்னக் கலைஞருக்கு ஆயிரம் என்பது பெரிய எண். நீங்களும் நாலு நண்பர்களும் ஒரு வருடம் விடாமல் கேட்டால் அந்தக் கோட்டைத் தாண்ட உதவலாம். பேண்ட்கேம்பில் விற்கிறவர்களாக இருந்தால் அங்கே வாங்குங்கள். பாட்டு விற்பனையில் பொதுவாக 15 சதவீதம் அந்தத் தளத்துக்கு, பணம் வாங்கிச் செலுத்தும் செலவு போக மிச்சம் கலைஞருக்கு.

நேரில் கேட்க வேண்டுமானால் ஜூன் 21ஐக் குறித்துவையுங்கள். 1982இல் பிரான்சில் தொடங்கிய அந்த இசைநாளை ஒட்டிப் பாண்டியில் அலியான்ஸ் பிரான்சேஸ் நிகழ்ச்சிகள் வைக்கிறது. பாடுகிறவர்களுக்கு அன்று நுழைவுச்சீட்டு விற்கும் எண்ணமே இல்லை. ஆரோவில்லிலும் கட்டணமில்லாத காட்சிகளும் கச்சேரிகளும் நடக்கின்றன. அங்கே ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறை செய்யும் கருவிகளை நாமே தட்டிப் பார்க்கலாம், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பஸ்ஸுக்காகப் பாதியில் கிளம்ப நேர்ந்தால் கிளம்புங்கள். ஆனால் முன்கூட்டியே போய், ஒலி சரிபார்க்கும்போதே கேளுங்கள். பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பது அப்போதுதான் தெரிகிறது.

சட்டியையும் கட்ட மோளத்தையும் ஊன்றிக் கேட்டுப் பழகிய காது, ஆடியில் எங்கள் ஊர்ப் பம்பையைக் கேட்டபோது வேறு மாதிரி கேட்டது. குச்சி படும்போது எழும் அந்த ஒலியை ஒரு குழுவில் ஒருவர்தான் அப்படி எழுப்புகிறார். அவர் பெயர் என்ன என்று திருவிழா நோட்டீசில் தேடினேன். சாகை வார்த்தலுக்கு உபயம் யார், மின்விளக்கு உபயம் யார், பூமாலை யார் என்றெல்லாம் தகப்பனார் பெயரோடு இருந்தது. வாசிக்கிறவர்களுக்கு ‘பம்பை, மேளதாளத்துடன்’ என்ற ஒரே வரி. புதுச்சேரியின் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்கும் மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் 2025இல் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். ஊர் நோட்டீசில் ஒரு வரி கொடுக்க நம்மால் முடியாதா?

விழாக்குழுவில் இருக்கும் மாமாவிடம் கேட்டேன். “குழுப் பேரும் ஊரும் போதும் மாமா.” அவர் மறுக்கவில்லை, இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். அடுத்த நோட்டீசில் குழுவில் இருந்த எல்லோருடைய பெயரும் வந்தது. மூத்த பம்பைக்காரர் ஒரு கட்டு நோட்டீசு கேட்டு வாங்கிக்கொண்டார், அடுத்த ஊர்களில் விழாப் பேசப் போகும்போது காட்டுவதற்கு. உங்கள் ஊரிலும் நோட்டீசு அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளோடு போங்கள். பம்பை, தவில், நாகஸ்வரம், கூத்து வாத்தியார், மேடைத் திரை எழுதியவர், மாவிளக்கு மண்டபத்தில் கோலம் போட்டவர் என்று எல்லோரிடமும் பெயரையும் எழுத்துக்கூட்டலையும் கேட்டு எழுதிக் கொடுங்கள். பிழை திருத்தும் படி வரும்போது இன்னொரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.