பாஸ்புக் அவள் பெயரில்; பணம்?

நம்பிக்கை: "அவ பேர்லதான் கணக்கு இருக்கு. இதுல என்ன கொடுமை?"

உண்மை: தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு தமிழ்நாட்டுப் பெண்களில் 92 சதவீதத்தினருக்கு இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நல்ல செய்திதான். ஆனால் கைரேகை வைத்து எடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் கணவரிடம் கொடுப்பவரும் 'பயன்படுத்துபவர்' என்றே பதிவாகலாம்.

நம்பிக்கை: "கைநீட்டாத மனுஷன். வன்முறைன்னு சொல்லாதீங்க."

உண்மை: 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீட்டுச் செலவுக்குப் பணம் மறுப்பதையும், அவளுடைய நகை நட்டை விற்பதையும் பொருளாதார வன்முறை என்கிறது. அதே தேசியக் கணக்கெடுப்போ, கணவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களையே 'கணவர் வன்முறை' என்ற தலைப்பில் எண்ணுகிறது. தமிழ்நாட்டுக்கு அது தரும் 38 சதவீதத்தில் அடகுக்கடைக்குப் போன தாலிச் சங்கிலி வராது.

நம்பிக்கை: "வீட்டுக்கு வீடு வாசப்படி. இதையெல்லாம் அளக்க முடியுமா?"

உண்மை: முடியும். அமெரிக்காவில் ஏட்ரியன் ஆடம்ஸும் சக ஆய்வாளர்களும் 2008-இல் பொருளாதார வன்முறையை அளக்க 28 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். 'உங்களைக் கொடுமைப்படுத்துகிறாரா' என்று அது கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் நம் ஊரில் யார்தான் ஆமாம் என்பார்கள்? நடந்ததைக் கேட்கிறது, எத்தனை முறை என்றும் கேட்கிறது. பணத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு வகை, அவள் உழைப்பையும் பெயரையும் வைத்துப் பிழைப்பது இன்னொரு வகை.

அதை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது. பண்ருட்டியை ஒட்டிய அண்ணாகிராமம் ஒன்றியத்தில் கேட்பதென்றால் நான் இப்படிக் கேட்பேன்: முந்திரிக்கொட்டை உடைத்த கூலியை யார் வாங்கினார்? குழுக் கடன் உங்கள் பெயரில். செலவழித்தது யார், தவணை கட்டுவது யார்? ஏடிஎம் கார்டு யார் சட்டைப்பையில்? மகளிர் உரிமைத்தொகை வந்த மெசேஜ் யார் போனுக்குப் போகிறது? வேலைக்குக் கிளம்பும் காலையில் சண்டை இழுத்தாரா? மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் பதில் கிடைக்காது என்பதையும் படிவத்தில் எழுதி வைக்க வேண்டும்.

நம்பிக்கை: "சம்பாதிக்கிறவர் அவர். கொடுத்தா உண்டு."

உண்மை: கணவர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கில், வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ஏற்றுக்கொண்டது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி கூட்டு வங்கிக் கணக்கையும் லாக்கரையும் கணவர் தொடக் கூடாதென்று மாஜிஸ்திரேட் தடை விதிக்கலாம். மனுவை மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் கொடுக்கலாம்; உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம்.