பதினெட்டு வயதில் வாங்கிய மதிப்பெண் இருபத்தாறில் தடையா?

அமெரிக்க ராணுவத்தில் நான்கைந்து ஆண்டு பணியாற்றிவிட்டு வெளியே வரும் இளைஞர்களில் பலர், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில்தான் முதலில் சேர்கிறார்கள். இரண்டு ஆண்டு அங்கே படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறுவது அவர்கள் திட்டம். ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி நான்குக்கு 2.9, 3.1 என்று நடுத்தரமாக நின்றுவிட்டால், ஆளாளுக்கு ஒன்று சொல்லத் தொடங்குவார்கள். ஜி.ஐ. பில் என்ற சட்டத்தின்படி இவர்களுக்கு அரசு தரும் கல்வி உதவி மாதக் கணக்கில் தீர்ந்துபோகக் கூடியது. அதனால் தவறான யோசனைக்கு இவர்கள் கொடுக்கும் விலை மற்ற மாணவர்களைவிட அதிகம்.

நம் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் உண்டு. 2009-இல் தொடங்கிய ‘மாவ்னி’ திட்டத்தில், கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காக ராணுவம் சேர்த்துக்கொண்டது. அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது.

நம்பிக்கை: பள்ளியில் சுமாராகப் படித்தவருக்கு நல்ல பல்கலைக்கழகம் கிடைக்காது.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே கம்யூனிட்டி கல்லூரியில் 60 செமஸ்டர் யூனிட் முடித்து, மூன்றாம் ஆண்டில் சேர விண்ணப்பிப்பவரின் கல்லூரி மதிப்பெண்ணைத்தான் கலிபோர்னியா பல்கலைக்கழகம் எடைபோடுகிறது. பள்ளி மதிப்பெண் அங்கே பேச்சிலேயே வராது. மாநிலத்தவருக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 2.4. இது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இடம் பெறுவோரின் சராசரி இதைவிட வெகு உயரத்தில் இருக்கிறது. ஆனால் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ‘டேக்’ என்ற உறுதி ஒப்பந்தம் உண்டு. குறிப்பிட்ட பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டியவருக்கு இடம் நிச்சயம். எந்த வளாகம், எந்தத் துறை என்பதைப் பொறுத்து அந்த அளவு மாறும். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களுக்கு 2.0 இருந்தாலே விண்ணப்பிக்கலாம்.

உண்மையான இடைஞ்சல் வேறொன்று. பதினெட்டு வயதில் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் வகுப்புக்குப் போகாமல் விட்டுவிட்டு ராணுவத்துக்குப் போனவரின் மதிப்பெண் பட்டியலில் இரண்டு மூன்று ‘எஃப்’ உட்கார்ந்திருக்கும். அவை இன்றைய நல்ல மதிப்பெண்ணையும் கீழே இழுக்கும். இதற்கு வழி இருக்கிறது. ‘டி’, ‘எஃப்’ வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தால் புதிய மதிப்பெண் கணக்கில் வரும். மிகப் பழைய சறுக்கல்களை ஜி.பி.ஏ. கணக்கிலிருந்து நீக்கும் விதி கலிபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் உண்டு. கல்லூரி ஆலோசகரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். டெக்சாஸ் மாநிலச் சட்டம் ஒருபடி மேலே போகிறது. பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆன கல்லூரிப் பாடங்களை ஒதுக்கிவிட்டு விண்ணப்பிக்க அது அனுமதிக்கிறது. பழைய கல்லூரியை மறைத்துவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்கக் கூடாது. படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலையும் காட்டியாக வேண்டும். பின்னால் தெரியவந்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

நம்பிக்கை: ராணுவத்தில் இருந்தவர் என்றாலே சேர்த்துக்கொள்வார்கள்.

பணிக்காலத்தைக் கனிவோடு பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கால்குலஸும் இயற்பியலும் முடிக்காதவருக்குப் பொறியியலில் இடம் தர யாராலும் முடியாது. விண்ணப்பக் கட்டுரைகளில்தான் இவர்கள் அதிகம் இழக்கிறார்கள். கலிபோர்னியா விண்ணப்பத்தில் நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். படைப்பிரிவின் சுருக்கெழுத்துப் பெயர்களும் பதக்கப் பெயர்களும் அதைப் படிப்பவருக்குப் புரியாது. ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவர், தன் கையெழுத்து இல்லாமல் அது பறக்காது என்ற பொறுப்பை இருபத்திரண்டு வயதில் எப்படிச் சுமந்தார் என்று எழுதினால், நடுத்தர ஜி.பி.ஏ.யின் பின்னால் இருக்கும் மனிதர் தெரிவார்.

நம்பிக்கை: ராணுவப் பயிற்சிக்குப் பாதிப் பட்டத்துக்குரிய கிரெடிட் கிடைத்துவிடும்.

கிரெடிட் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் விருப்பப் பாடமாகத்தான். தரைப்படை, கடற்படை, மரீன் பிரிவினருக்கு ‘ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட்’ என்ற பயிற்சிச் சான்றைத் தருகிறார்கள். விமானப் படைக்குத் தனியாகவே ஒரு கம்யூனிட்டி கல்லூரி இருக்கிறது. எவ்வளவு ஏற்பது என்பதைச் சேரும் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். முதன்மைப் பாடத்துக்கு அது ஈடாவது அரிது.

நம்பிக்கை: உயர்ந்த பல்கலைக்கழகங்கள் நமக்கு இல்லை.

இந்த அவநம்பிக்கை முதலில் வந்தது பல்கலைக்கழகத் தலைவர்களிடமிருந்தே. 1944-இல் ஜி.ஐ. பில் சட்டமானபோது, சிகாகோவின் ராபர்ட் ஹட்சின்ஸும் ஹார்வர்டின் ஜேம்ஸ் கொனன்ட்டும் தரம் சரியும் என்று அஞ்சினார்கள். வந்து சேர்ந்த வீரர்கள் மற்றவர்களை முந்திப் படித்தார்கள். கொனன்ட் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். 1947-இல் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் போரிலிருந்து திரும்பியவர்கள். அதே 1947-இல், அவர்களை மனத்தில் வைத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் ‘ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ்’ என்ற கல்லூரியை அமைத்தது. இன்றும் முன்னாள் வீரர்கள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல ஆண்டுகளாக நிறுத்திவைத்திருந்த, வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வருவோருக்கான சேர்க்கையை 2018-இல் மீண்டும் தொடங்கியபோது, முன்னாள் வீரர்களையும் கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களையும் குறிப்பிட்டே வரவேற்றது. யேலில் 2011-இல் தொடங்கிய ‘வாரியர் ஸ்காலர் புராஜெக்ட்’ பல பல்கலைக்கழக வளாகங்களில் இவர்களுக்குப் படிப்புப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது.

நம்பிக்கை: ஜி.ஐ. பில் இருக்கிறது, நிதானமாகப் படிக்கலாம்.

இதைத்தான் எனக்கு மிகவும் அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. 2009 முதல் நடைமுறையிலுள்ள புதிய ஜி.ஐ. பில் தருவது 36 மாதம். ஒன்பது மாதக் கல்வியாண்டாகப் பார்த்தால் சரியாக நான்கு ஆண்டு. கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு ஆண்டில் 18 மாதம் போனால், மிச்சம் 18 மாதம் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆண்டுக்குப் போதும். மூன்று ஆண்டு தங்கினால் கடைசி ஆண்டுக்குக் கைப்பணம்தான். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். வருமானம் குறைந்தவருக்கு அதிலும் விலக்கு உண்டு. வேலையோ வேறு உதவியோ இருப்பவர் மாதங்களைப் பல்கலைக்கழகத்துக்குச் சேமித்துவைப்பது நல்லது. ஜி.ஐ. பில்லோடு வரும் வாடகைப்படி இல்லாமல் குடும்பம் நடத்த முடியாதவர் இப்போதே எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதில் தவறே இல்லை. எல்லா வகுப்பையும் ஆன்லைனில் எடுத்தால் வாடகைப்படி வெகுவாகக் குறையும். பட்டத்துக்குத் தேவையில்லாத பாடத்துக்கு அரசு பணம் தராது. பணிவிடுவிப்புச் சான்றான டி.டி.-214-இல் ‘ஹானரபிள்’ என்று இல்லாவிட்டால் இந்த உதவியே கிடையாது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அடுத்த இலையுதிர் பருவத்துக்கான விண்ணப்பங்களை அக்டோபர் முதல் நவம்பர் இறுதி வரை அனுப்பலாம். அனுப்பிய பிறகும், விண்ணப்பித்தபோது படித்துக்கொண்டிருந்த பருவத்தில் வாங்கிய மதிப்பெண்களை ஜனவரியில் சேர்க்கக் கேட்பார்கள். 2.9-இல் நிற்பவர் டிசம்பர் தேர்வுகளை விட்டுவிடக் கூடாது.