கைராசியா, கிணற்றுத் தண்ணீரா?

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களிடம் பேசினால், விதை முளைக்காததற்கு முதலில் வரும் காரணம் கைராசிதான். "அவுக கை பட்டா பட்ட மரமும் தளுக்கும், நமக்கு அந்த ராசி இல்ல" என்று சொல்லிவிட்டு, மறுபடி விதைக்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இந்த நம்பிக்கையைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. பழியை ஆளின் மேல் போட்டுவிட்டு, உண்மையான காரணத்தைத் தேடவிடாமல் செய்துவிடுகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பல வீடுகளில் அந்தக் காரணம் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதாவது போர்த் தண்ணீர்.

விதை முளைக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரைக் குடித்து ஊற வேண்டும். தண்ணீரில் உப்பு ஏறினால் விதை அதை இழுத்துக்கொள்ளத் திணறும். உப்பு மிகுந்தால் இழுக்கவே முடியாது. இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. தொட்டியின் மேல்மண்ணில் உள்ள தண்ணீர் ஆவியாகப் போய்விட, உப்பு மட்டும் அங்கேயே தங்குகிறது. மிளகாய் விதை கிடப்பதும் அதே மேல்மண்ணில்தான். தினமும் இருவேளை ஊற்றினால் இருவேளையும் உப்பு சேர்கிறது. "இதே தண்ணியிலதானே காட்டுல பருத்தி வெளையுது" என்று கேட்பார்கள். பருத்தி உப்பைத் தாங்கும் பயிர். மிளகாய் நாற்றும் வெங்காய நாற்றும் அப்படியல்ல. பீன்ஸ் கொஞ்சமும் தாங்காது.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரே பொட்டலத்திலிருந்து 20 விதை எடுங்கள். பத்தை ஒரு பருத்தித் துணியில் வைத்துப் போர்த் தண்ணீரால் நனையுங்கள். மற்றப் பத்தை இன்னொரு துணியில் வைத்து ஊரணித் தண்ணீராலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீராலோ நனையுங்கள். இரண்டையும் நிழலில் வைத்து, துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தக்காளி ஒரு வாரத்தில் பதில் சொல்லிவிடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் கொடுங்கள். இரண்டு துணியிலும் முளைக்கவில்லை என்றால் விதை பழசு. ஊரணித் தண்ணீரில் மட்டும் முளைத்தால் குற்றம் விதையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. நாற்றுப் பருவத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒதுக்கினால் போதும். ஒரு தட்டு நாற்றுக்கு நாளுக்கு ஒரு செம்புகூட ஆகாது.

பத்துக்குப் பத்தும் முளைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. இந்தியாவில் சான்று பெற்ற விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. பத்து மிளகாய் விதையில் ஆறு முளைத்தால் அது நல்ல விதை.

தண்ணீரில் மிதக்கும் விதை பொக்கு என்பது நெல்லுக்குச் சரி. காய்ந்த தக்காளி, மிளகாய் விதை எடை குறைவு. நல்ல விதையே மிதக்கும். சுரை, பீர்க்கு விதையும் அப்படித்தான். மிதந்ததை எல்லாம் கொட்டிவிடாதீர்கள். துணியில் வைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பழமொழி தமிழ்நாட்டின் எல்லா மண்ணுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. ஆடியில் ஆற்றில் தண்ணீர் வரும் ஊருக்கு அது சரி. நம் குண்டாற்றுப் படுகையில் ஆடி என்றால் காற்றும் வெக்கையும்தான். ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது. கத்தரி, மிளகாய் நாற்று தயாராக 35 முதல் 45 நாள் ஆகும். ஆகவே ஆவணியில் நிழலில் தட்டில் விதைத்தால், மழை இறங்கும்போது நடுவதற்கு நாற்று கையில் இருக்கும். வெண்டை, கொத்தவரை, அவரையை நேரடியாக ஈரப்பதம் பார்த்து ஊன்றுங்கள். வளர்பிறைக்காகக் காத்திருந்து அந்த ஈரத்தைக் காயவிட வேண்டாம். பிறை பார்த்து விதை முளைப்பதில்லை.

கடையில் வாங்கும் கொத்தமல்லி முளைக்காது என்பது இன்னொரு நம்பிக்கை. விருதுநகர்ச் சந்தைக்குப் போகும் மல்லி இந்தக் கரிசலில் மானாவாரியாக விளைவதுதானே! ஓர் உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கின்றன. லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஐப்பசிக்குப் பிறகு விதைத்து, இரண்டு வாரம் பொறுத்திருங்கள். முளைக்காமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் சித்திரை வெயிலில் விதைத்ததும், ஒரு வாரத்தில் மண்ணைக் கிளறிப் பார்த்ததும்தான்.

கரிசலை அப்படியே தொட்டியில் நிரப்புவதும் வேண்டாம். நனைந்தால் சேறு, காய்ந்தால் வெடித்து இளவேரை அறுத்துவிடும். மணலும் மக்கிய குப்பையும் கலந்து, விதையின் கனத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் மட்டும் மூடுங்கள்.

பாட்டிமார் சொன்னதில் முழுக்கச் சரியானது சாம்பல். சாம்பலில் புரட்டி வைத்த விதையில் பூச்சி எளிதில் அண்டாது, ஈரமும் எளிதில் ஏறாது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. அதனால் சாம்பலில் வைத்த விதையைத் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

பாக்கெட் விதையெல்லாம் மரபணு மாற்றியது, அதிலிருந்து எடுக்கும் விதை முளைக்காது என்ற பேச்சில் இரண்டு தவறு. இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி மட்டுமே, பி.டி. கத்தரி 2010இல் நிறுத்திவைக்கப்பட்டது. வீரிய ஒட்டு ரகத்தின் விதை முளைக்கும்; ஆனால் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது. விதை எடுத்து வைக்க விரும்பினால் ஒட்டு அல்லாத பி.கே.எம்.1 தக்காளி போன்ற ரகத்தை வாங்குங்கள். பெரியகுளத்தில் 'அன்னஞ்சி' என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவானது அது. முண்டு மிளகாயையும் நீள மிளகாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேனீ கலந்துவிடும். விதைக்கு நிற்கும் செடியைத் தள்ளி நடுங்கள்.

விதை போட்ட முருங்கை காய்க்காது என்பதை அதே பெரியகுளத்தின் பி.கே.எம்.1 முருங்கை எப்போதோ பொய்யாக்கிவிட்டது. விதையிலிருந்து வளர்ந்து ஓராண்டுக்குள் காய்க்கும். ஆனால் பக்கத்து வீட்டு மரத்துக் காயின் அதே ருசி வேண்டுமென்றால் கம்புதான் வெட்டி நட வேண்டும்; அந்த அளவுக்குப் பழைய பேச்சிலும் நியாயம் உண்டு. மல்லிகைக்கோ விதை வழியே கிடையாது. நம் வட்டாரத்து மல்லிகை விதை கட்டுவதில்லை. குச்சியும் பதியனும்தான் வழி. கைப்பேசியில் படம் காட்டி விற்கும் 'மல்லிகை விதை'க்குக் காசு கட்டாதீர்கள். தங்கச்சிமடத்திலிருந்து வரும் வேர்விட்ட நாற்றைக் கேட்டு வாங்கி, மழைக்கு முன் நட்டுவிடுங்கள்.