இரு பாலங்களுக்கு நடுவே ஒரு கூழாங்கற்கரை

நியூயார்க்கில் புரூக்லின் பாலத்துக்கும் மன்ஹாட்டன் பாலத்துக்கும் இடையே, பூங்காவின் ஓரமாக அமைந்திருக்கும் கூழாங்கற்கரைக்குச் செல்ல விரும்புகிறவர் புறப்படுமுன் முதற்கண் பார்க்க வேண்டியது கடலின் ஏற்றவற்ற அட்டவணை. இக்கரையை ஒட்டிய நீர்ப்பரப்பு கிழக்கு நதி என வழங்கினாலும், அது நியூயார்க் துறைமுகத்தையும் லாங் ஐலண்டுக்கு வடபுறக் கடலையும் இணைக்கும் ஜலசந்தியே ஆதலின், தினந்தோறும் இருமுறை ஏறி இருமுறை வற்றும். வற்றும் வேளையில்தான் கற்பரப்பு அகலமாக வெளிப்படும்.

எஃப் ரயிலில் யார்க் தெரு நிலையத்தில் இறங்கி, கல் பாவிய தெருக்கள் வழியே நீரை நோக்கி நடந்தால் போதும். அனுமதிக் கட்டணம் கிடையாது. அடி வழுக்காத, கெட்டியான காலணி மிக அவசியம். செருப்பணிந்து வந்தவர்கள் கற்களின்மேல் தள்ளாடுவதை அங்கே சாதாரணமாகக் காணலாம்.

கற்படிகளில் இறங்கியதும் நீர்விளிம்புக்கு விரையாமல், கற்கள் எதுவரை ஈரமாக உள்ளன, பச்சைப்பாசி எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். அந்தப் பாசிக் கோட்டுக்கு மேற்பட்ட உலர்ந்த இடமே உட்காருவதற்கு உத்தமம். ஏனெனில் படகுகள் கடந்து சென்று சற்றுநேரம் கழிந்த பின்னரே அவை எழுப்பிய அலைகள் கரையை வந்தடைந்து, அசட்டையாக நிற்பவரின் கால்களை நனைத்துவிடும். நீரோட்டம் கடுமையானது, நீந்த அனுமதியில்லை. பெருமழைக்குப் பின் நகரத்தின் கழிவுநீரும் அதில் கலப்பதால், அந்நாட்களில் குழந்தைகளை நீரில் கைவைக்கவும் விடாதீர்கள்.

அமர்ந்தபின் இடப்பக்கம் நோக்குங்கள். 1883-இல் திறக்கப்பெற்ற புரூக்லின் பாலத்தின் கூர்வளைவுக் கற்கோபுரங்கள் தெரியும். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங், நீரடி அஸ்திவாரப் பணியில் பெற்ற நோயால் வீட்டோடு முடங்கியபோது, அவர் மனைவி எமிலி அவருடைய கட்டளைகளைப் பணியிடத்துக்கு எடுத்துச் சென்று, பல ஆண்டுகள் அக்காரியம் தடையின்றி நடைபெற உதவினார். அவ்வம்மையாரை நினையாமல் அந்தப் பாலத்தைப் பார்ப்பது முறையாகாது என்பதே என் அபிப்பிராயம். வலப்பக்கத்தில் மன்ஹாட்டன் பாலத்தின்மேல் ரயில்கள் பேரோசையுடன் செல்லும். மௌனத்தை நாடுகிறவருக்கு இவ்விடம் ஏற்றதன்று. குழந்தைகள் உடனிருந்தால், அருகே கண்ணாடி மண்டபத்தில் சுழலும் 1922-ஆம் ஆண்டுக் குதிரை ராட்டினத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

சூரியன் மன்ஹாட்டன் மாளிகைகளின் பின்னே மறைவதால், அஸ்தமனத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்து சேருங்கள். கையிலெடுத்துப் பார்த்த கல்லை மட்டும், தயவுசெய்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.