டாக்சி லைசென்ஸ் கட்டணம்: கவுன்சில் எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு நகரில் மினிகாப் ஓட்டுகிறேன். பேட்ஜுக்கு ஒரு கட்டணம், பிளேட்டுக்கு வேறொரு கட்டணம் என்று கவுன்சிலுக்குச் செலுத்துகிறோம். இப்போது பிளேட் கட்டணத்தை மறுபடியும் உயர்த்தப் போகிறார்களாம். ஓட்டுநர்களைக் கண்காணிக்கும் அதிகாரிகளின் செலவு கூடிவிட்டது என்று காரணம் சொல்கிறார்கள். இது நியாயமா ஐயா? தடுக்க வழி உண்டா?

பதில்: முன்பின் அறியாத ஒருவருடைய காரில் நள்ளிரவில் தனியாக ஏறி அமரும் பிரயாணிக்கு அந்த ஓட்டுநரைப் பற்றி யாரோ விசாரித்திருக்கிறார்கள் என்ற உத்தரவாதம் வேண்டும் என்பதையும், அந்த விசாரணை சரிவர நடவாத இடத்தில் என்ன அனர்த்தம் விளையும் என்பதை ராதர்ஹாம் நகரத்தில் சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதைப் பற்றிய 2015-ஆம் வருஷத்து அறிக்கை காட்டியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், கண்காணிப்புக்கு ஆகும் செலவைத் தொழில் செய்பவர்களிடமே வாங்குவதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எந்தச் செலவை எந்தக் கட்டணத்தில் சேர்ப்பது என்பது கவுன்சிலின் இஷ்டத்துக்கு விடப்பட்ட விஷயமன்று.

லண்டனும் பிளிமத்தும் நீங்கலாக இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 1976-ஆம் வருஷத்துச் சட்டம் இரண்டு தனித்தனி அதிகாரங்களை வழங்குகிறது. பேட்ஜ், அதாவது ஓட்டுநர் லைசென்ஸ், 53-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அதை வழங்குவதற்கும் நிர்வகிப்பதற்கும் ஆகும் செலவை ஈடுசெய்யும் நியாயமான தொகையை வாங்கலாம். பிளேட் எனப்படும் வண்டி லைசென்ஸும் ஆபரேட்டர் லைசென்ஸும் 70-ஆம் பிரிவின் கீழ் வருவன. வண்டிகளைப் பரிசோதிப்பது, டாக்சி ஸ்டாண்டு அமைப்பது, வண்டிகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வையிடுவது ஆகியவற்றின் செலவு அதில் அடங்கும்.

தங்கள் கவுன்சில் சொல்லும் காரணம் இங்கேதான் இடறுகிறது. ஓட்டுநர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் செலவையும் பிளேட் கட்டணத்தில் சேர்த்து வந்த வேக்ஃபீல்ட் கவுன்சில், வண்டியை மேற்பார்வையிடுவதென்றால் அதை ஓட்டுபவரையும் மேற்பார்வையிடுவதுதானே என்று வாதித்தபோது, அப்பீல் கோர்ட் 2019-இல் அவ்வாதத்தை நிராகரித்துவிட்டது. தெருவோரத்தில் ஓர் அதிகாரி தங்கள் காரின் டயரைக் குனிந்து பார்த்தால் அது வண்டியின் கணக்கு. தாங்கள் ஒரு பிரயாணியிடம் மரியாதைக்குறைவாகப் பேசினீர்கள் என்ற புகாரை அந்த அதிகாரியே விசாரித்தால் அது ஓட்டுநரின் கணக்கு. ஆயினும் அவசரப்பட்டு மகிழ வேண்டாம்: அதே தீர்ப்பு, நடத்தைக் கண்காணிப்பின் செலவை பேட்ஜ் கட்டணத்தில் வாங்கலாம் என்றும் சொல்லிவிட்டது. ஆகவே ஒரு பையில் மிச்சமானது மறு பையிலிருந்து போகக்கூடும். சொந்த வண்டி வைத்திருப்பவர் பிளேட் கட்டணத்தில் இலாபமடைய, வாடகை வண்டி ஓட்டும் ஏழை பேட்ஜுக்கு அதிகம் கொடுக்க நேரலாம். இதைத் தங்கள் சகாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

வசூலில் மிஞ்சுவதைக் கவுன்சில் பொது வருமானமாக எடுத்துக்கொள்ளவும் இயலாது. கார்டிஃப் கவுன்சில் சம்பந்தப்பட்ட 2014-ஆம் வருஷத்து வழக்கிற்குப் பிறகு, உபரியையும் பற்றாக்குறையையும் கணக்கில் கொண்டுதான் அடுத்த கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

வழி யாதெனில்: வண்டிக் கட்டணம் 25 பவுனைத் தாண்டும்போது (இன்று தாண்டாத ஊர் ஏது?) உத்தேசக் கட்டணத்தை உள்ளூர்ப் பத்திரிகையில் பிரசுரித்து, ஆட்சேபங்களுக்கு 28 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும், ஆட்சேபம் வந்தால் அதைப் பரிசீலித்த பிறகே, முதலில் குறித்த தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள், கட்டணம் அமலுக்கு வரலாம். பேட்ஜ் கட்டணத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் பிறகும் கவுன்சில் பிடிவாதம் பிடித்தால் உயர்நீதிமன்றத்தில் மறுஆய்வு கோரலாம். அதற்கும் தாமதமின்றி, அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள், செல்ல வேண்டும். தனி ஓட்டுநரால் தாங்கக்கூடிய செலவன்று அது. சங்கத்தின் மூலமாகவே செல்லுங்கள்.

இப்போதைக்குச் செலவு விவரத்தைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். பதிலளிக்கக் கவுன்சிலுக்கு 20 வேலை நாட்கள் உண்டு. அது ஏறக்குறைய அந்த 28 நாளையும் விழுங்கிவிடும். ஆதலால் பதிலுக்குக் காத்திராமல், கண்காணிப்புச் செலவை எந்தக் கட்டணத்தில் சேர்த்தீர்கள் என்ற வினாவையே முதல் ஆட்சேபமாக எழுதி, கெடுவுக்குள் சேர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.