வெளியேறுவதும் தவக்குல்தான்

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அடைமழையில் மண் சரிந்தால் அப்பாதை அடைபட்டுவிடும். மலையில் வாழ்வோராயினும் கடலோரத்தில் வாழ்வோராயினும், "வெளியேறுங்கள்" என்ற எச்சரிக்கை வந்தால் மூமின் என்ன செய்ய வேண்டும்?

"அல்லாஹ் நாடியது நடக்கும்" என்று வீட்டிலேயே அமர்ந்துவிடுவோர் நம்மில் உண்டு. இது தவக்குல் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதறிந்த ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் பாதிவழியில் திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுகிறீர்களா என்று ஹழ்ரத் அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள்.

2024 ஜூலை 30 அன்று, வயநாட்டில் மக்கள் உறங்கும் நேரத்தில் மலை சரிந்தது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதால் முண்டக்கைக்கு வழியே இல்லாமற் போயிற்று. மலையில் ஆபத்து இரவிலும் வரும். வந்தபின் பாதை இராது. ஆகவே பகலிலேயே, பாதை இருக்கும்போதே புறப்பட வேண்டும். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஓடைநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால் அறிவிப்புக்கும் காத்திராமல் ஓடைக்கரையையும் சரிவையும் விட்டு விலகுக.

பெண்கள் விஷயம் முக்கியமானது. 1991 ஏப்ரல் 29 அன்று வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். அவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். அந்நியர் கூடும் புகலிடத்துக்குச் செல்லத் தயங்கியதும் அதற்கு ஒரு காரணம். சகோதரிகளே, பர்தா உங்களைக் காக்க வந்தது, மாய்க்க வந்ததன்று. உடலை மறைத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள். இத்தாவில் இருப்பவளும் உயிருக்கு அஞ்சும்போது வீட்டை விட்டு வெளியேறலாம் என்பதே மார்க்கச் சட்டம். பர்ளுத் தொழுகையில் இருந்தாலும், ஓர் உயிரைக் காக்க அதை முறித்துவிட்டுப் பிறகு தொழ வேண்டும்.

மழைக்காலம் தொடங்கும்போதே ஒரு பையில் குடும்ப அட்டை, ஆதார், நிலப் பத்திரங்கள், வழக்கமாக உண்ணும் மருந்துகள், டார்ச், அவலோ பொரியோ, போர்வை, பெண்களுக்கு ஒரு துப்பட்டி ஆகியவற்றை நனையாமல் கட்டி வையுங்கள். மாவட்ட அவசர எண் 1077ஐக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். புறப்படும்போது அண்டை வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அவர் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டாருக்குரிய ஹக்கு அது.

பெரும் ஆபத்துகளிலிருந்து நம்மனைவரையும் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.