செம்மண் மேட்டு நிலத்தில் உயிர்வேலி

கடலூர் ஜில்லாவில் நெய்வேலி, பண்ணுருட்டி, விருத்தாசலம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த செம்மண் பூமி முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போனது. பங்குனி முதல் வைகாசி வரை முந்திரிக்கொட்டை உதிரும் காலமே புல் கருகி ஆடு மாடுகள் தீனிக்கு அலையும் காலமுமாகும். வேலியில்லாத தோப்பில் அவை புகுந்தால் புதிதாய் நட்ட ஒட்டுச்செடிகள் ஒரே நாளில் மொட்டையாகிவிடும். வெட்டிய முள்ளை அடைத்து வேலியிட்டால் அதைக் கறையான் அரித்துவிடுகிறது; முள்கம்பியோ பணச்செலவு மிக்கது. ஆகையால் உயிர்வேலியே குடியானவர்களுக்கு ஏற்றதென்பதில் ஐயமில்லை.

எல்லா மண்ணுக்கும் ஒரே செடி ஏற்காது. வட இந்தியாவில் உப்புச் சுங்கத்தைக் காக்க நூற்றுக்கணக்கான மைல் நீளத்திற்கு முள்வேலி வளர்க்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்த ஹ்யூம் அக்காலத்தில் அதன் சுங்க அதிகாரியாயிருந்தார். களா, இலந்தை, கருவேல், கள்ளி என இடத்திற்கு இடம் செடியை மாற்றியே அவ்வேலி உருவாக்கப்பட்டது. 1879இல் சுங்க எல்லை எடுபட்டதும் அது கைவிடப்பட்டது.

நெய்வேலிப் பக்கத்துச் செம்மண்ணில் நீர் விரைவில் வடியும். மட்குச் சத்துக் குறைவு. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். இந்நிலைக்குக் கொடுக்காப்புளி மிகவும் பொருத்தமானது. எல்லையோரம் ஒன்றரையடி அகலமும் ஆழமுமுள்ள கால்வாய் வெட்டி, தொழுவுரத்தை மண்ணோடு கலந்து நிரப்பி, ஆவணி மழையில் ஓரடி இடைவெளியில் இரண்டு வரிசையாக விதையை ஊன்றவேண்டும். ஐப்பசி மழைக்குள் வேர் கீழிறங்கிவிடுமாயின் அடுத்த கோடையைத் தாங்கும். எனினும் முதற்கோடையில் வாரம் ஒருமுறை நீர் விடுவது நலம்.

பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த படியிலேயே. செடி ஒன்றரையடி வளர்ந்ததும் அதைப் பாதியாக வெட்ட மனம் வருவதில்லை. வெட்டாது விட்ட செடி உச்சியில் தழைத்து அடியில் வெறுங்காலாக நிற்கும். ஆடு அதன் கீழே தாராளமாக நுழையும். வெட்டிய இடத்திலிருந்து பக்கக்கிளைகள் கிளம்ப, அவற்றையும் ஓரடி வளருந்தோறும் நறுக்கிவர, இரண்டு மூன்று ஆண்டுகளில் வேலி அடியிலிருந்தே அடர்ந்துவிடும். அடிப்புறம் அகன்றும் மேற்புறம் குறுகியும் இருக்குமாறு கத்தரிப்பது அவசியம். மேற்புறம் அகன்றால் கீழ்க்கிளைகளுக்கு வெயில் கிட்டாமல் அவை பட்டுப்போகும். ஐந்தடி உயரம் போதும். 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயல் இப்பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை மறவாதார் உயரமான வேலியை விரும்பார். நறுக்கிய தழை ஆட்டுக்குத் தீனியாகும்.

காங்கேயம் பகுதியில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைக் காக்கும் முள்கிளுவையும் நல்லதே. அதன் கழிகளைச் சில நாள் நிழலில் உலர்த்தி நடவேண்டும். நீர் தேங்கினால் அழுகும். வீட்டைச் சுற்றி மருதோன்றி போதும். ஆடாதோடையையும் நொச்சியையும் ஆடு கடிக்காது, தழை உரமாகும், ஆனால் முள்ளில்லாமையால் தனித்துக் காவலாகா.

சப்பாத்திக்கள்ளி முன்னாளில் வேலியாயிருந்து பின் நிலத்தையே விழுங்கியது. 1926இல் இலங்கையினின்று கொணரப்பட்ட கொச்சினீல் என்னும் செதிற்பூச்சி அதை அடக்கிற்று. அந்த அனுபவம் இருக்க, சீமைக்கருவேலை வேலிக்கென்று நடுவது தகாது. அதன் காயைத் தின்ற ஆடு மாடுகள் சாணத்தோடு விதையை ஊரெங்கும் பரப்பும்.

வேலியைப் பட்டாதாரர் தம் எல்லைக்குள்ளேயே நடவேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தையொட்டிய இப்பக்கத்தில் அங்குலமும் விலைமதிப்புள்ளது. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி மரஞ்செடிகளுக்கும் தனியே மதிப்பிடப்படுமாதலால், எவர் பக்கத்துச் செடியென்ற வழக்குக்கு இடம் வைக்கலாகாது. 1923ஆம் ஆண்டு சர்வே எல்லைச் சட்டம் எல்லைக்கல்லைப் பேணும் கடமையைப் பட்டாதாரர்மீதே சுமத்துகிறது. கல்லைச் சுற்றி இரண்டடி வெறுமையாக விட்டால் நில அளவர் அளக்க வரும்போது முள்ளை வெட்டிக் கல்லைத் தேடவேண்டியிராது.

வேலியின் வேர் பயிரின் சத்தை உறிஞ்சாதிருக்க, மூன்றடி தள்ளி இரண்டடி ஆழக் கால்வாயை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். இடையில் செடி பட்ட இடத்தில் புதுவிதை நிழலில் தேறாது. அருகிலுள்ள நீண்ட கிளையை வளைத்துக் கவைக்குச்சியால் மண்ணோடு பிணித்துவிடின் அது தழைத்து இடைவெளியை மூடும். இவ்வேலையைப் புரட்டாசியில் செய்வது உத்தமம்.